ஆசிரியரிடம் வினவும் முறைமை: ஆயிரம் மசலாவை முன்வைத்து

இசுலாமியத் தமிழ் இலக்கியங்களுள் இன்று முழுமையாகக் கிடைப்பவற்றில் காலத்தால் முற்பட்டது வண்ணப்பரிமளப்புலவர் இயற்றிய ஆயிரம் மசலா. இது 1572இல் மதுரையில் அரங்கேறியது. ‘மஸ்அலா’ என்னும் அரபுச் சொல் வினா என்னும் பொருளது. யூத அறிஞரான அப்துல்லா இப்னு ஸலாம் நபிகள் நாயகத்திடம் வினாக்களைத் தொடுத்து, விடைகளால் தெளிவு பெற்று இசுலாத்தைத் தழுவுவதே நூற்பொருள். புகாரி தொகுத்த நபிமொழியில் அவர் கேட்டவை மூன்றே வினாக்கள். பிற்கால மரபு அவற்றை ஆயிரமாக வளர்த்துக்கொண்டது. வினாவுக்கு இத்துணை இடமளித்த அதே மரபுதான் மாணவனுக்கு அடக்கத்தை முதல் ஒழுக்கமாக விதிக்கிறது. இவ்விரண்டும் முரணா என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

நன்னூலார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என அறுவகைப்படுத்துவார். பொருளறிந்த ஆசிரியர் மாணவனைக் கேட்பது அறிவினா என்றும், அறியாத மாணவன் ஆசிரியரைக் கேட்பது அறியா வினா என்றும் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். இப்னு ஸலாம் தொடுத்தவை அறிவினாக்கள். விடையைத் தம் வேதத்தால் அறிந்துகொண்டே, எதிரிருப்பவர் நபிதாமா எனச் சோதிக்கின்றார். கேட்கும் இடத்தில் அறிந்தவர் அமர்ந்திருக்கின்றார். அவரை அவையினர் கடிந்துரைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இதனினும் தெளிவான சான்று ஜிப்ரீல் குறித்த நபிமொழி. வெண்ணிற ஆடையணிந்த ஒருவர் அவைக்கு வந்து, நபிகளின் முழங்காலோடு தம் முழங்கால் பொருந்துமாறு அமர்ந்து, இசுலாம், ஈமான், இஹ்ஸான் ஆகியவற்றைப் பற்றி வினவுகின்றார். விடை கேட்டதும் ‘உண்மை’ என ஒப்புகின்றார். கேட்பவரே சரிபார்க்கவும் செய்வது கண்டு தாம் வியந்ததாக உமர் அறிவிக்கின்றார். வந்தவர் வானவர் என்பதும், பிறர் கற்கவே அவர் வினவினார் என்பதும் பின்னர்ப் புலனாகின்றன. இறுதிநாள் எப்போது என்னும் வினாவுக்கு, கேட்டவரைவிடக் கேட்கப்பட்டவர் மிகுதியாக அறிந்தவரல்லர் என்றே நபிகள் விடையிறுக்கின்றார். அமரும் முறை மாணவனுக்குரிய ஒழுக்கம் எனில், இவ்விடை ஆசிரியருக்குரிய ஒழுக்கம். முன்னது பாடநூல்களில் விரித்துரைக்கப்பட்டது. பின்னதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

விரித்துரைத்தவர்களுள் ஸர்நூஜி பலராலும் அறியப்பட்டவர். ஆசிரியர் இருக்கையில் அமராமை, அவர் இசைவின்றிப் பேச்சைத் தொடங்காமை, அவர் சோர்ந்திருக்கும்போது வினவாமை, கதவைத் தட்டாது அவர் வெளிவரும்வரை காத்திருத்தல் என அவர் விதிகள் நீளும். இப்பகுதியை மட்டும் எடுத்துரைத்து, மாணவன் வாய்திறவாதிருப்பதே ‘அதபு’ என முடிப்போர் உளர். ஆனால் ஸர்நூஜியே அதே நூலில், முற்கால மாணவர்கள் ‘இம்மஸ்அலாவில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?’ என ஓயாது கேட்டதனால் அவர்களுக்கு ‘என்ன சொல்கிறீர்கள்’ என்பதே பெயராயிற்று என்கின்றார். ஒரு நாழிகை வாதிடுதல் ஒரு திங்கள் ஓதுதலினும் மேலானது என்ற கருத்தும் அவரிடம் உண்டு. கஸ்ஸாலியும் வினாவை விலக்கவில்லை; வினவும் நோக்கத்தையே பிரித்தறிகின்றார். ‘அய்யுஹல் வலது’ என்னும் சிறுநூலில், பொறாமையால் கேட்பவனுக்கு விடை பகர்தல் வீண் என்றும், நேர்வழி நாடிக் கேட்கும் அறிவுடையோனுக்கே அது பயன்படும் என்றும் கூறுவார். அந்நூலே மாணவர் ஒருவரின் வேண்டுகோளுக்கு மறுமொழியாக எழுந்தது.

மௌனத்தை வலியுறுத்துவோர் குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்திலுள்ள மூஸா, கிழ்று வரலாற்றையும் சுட்டுவர். கேட்கலாகாது என்ற நிபந்தனையை மூஸா மும்முறை மீறினார், பிரிவு நேர்ந்தது. எனினும் அந்நிபந்தனை ‘நானே எடுத்துரைக்கும்வரை’ என்னும் எல்லையுடையது. பிரியுமுன் மூன்று செயல்களுக்கும் கிழ்று விளக்கம் தந்தே செல்கின்றார். விளக்கம் தரும் எண்ணமே இல்லாத ஆசிரியருக்கு இவ்வரலாறு எவ்வாறு சான்றாகும்?

இவ்வினா பழைய நூல்களோடு நிற்பதன்று. பெங்களூரின் ஸபீலுர் ரஷாத் முதலிய அரபுக் கல்லூரிகளில் அரபு மூலத்தை உருதுவில் விளக்கும் மரபு உண்டு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் இத்தகைய வகுப்பில் ஐயுற்றால், அவ்வையத்தை மூன்றாவது மொழியொன்றில் வடித்தெடுத்தாக வேண்டும். சொல் கிட்டாமையால் அவர் வாளா இருப்பது, காண்பவருக்கு அடக்கம் போலவே தோன்றும். நன்னூலாரின் ஐய வினா அங்கே பிறந்தும் ஒலி பெறாமல் நிற்கின்றது. மதரஸா மரபில் ‘தக்ரார்’ என்றொரு வழக்கம் உண்டு. பாடம் முடிந்தபின் மாணவர் குழுவாக அமர்ந்து, ஒருவர் பிறருக்கு அதனை மீளச் சொல்லுவர். உடன் பயில்வாரோடு பழகுதலை நன்னூலும் கல்வியின் ஒரு கூறாக வைத்தது ஈண்டு ஒப்பிடத்தக்கது. வகுப்பில் எழாத ஐயம் அக்குழுவில் தமிழிலேயே எழக்கூடும். ஆனால் விடை சொல்லவோ, தமக்குத் தெரியாது என்று சொல்லவோ கடமைப்பட்ட ஆசிரியர் அந்நேரம் அங்கே இருப்பதில்லை.