சாவா மூவாப் பேராடு

ஒரு கோயில் விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய எத்தனை ஆடு வேண்டும்? சோழர் காலக் கணக்கில் 96. சில ஊர்களில் 90. தானம் கொடுப்பவர் ஆட்டை இடையரிடம் ஒப்படைப்பார். இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளப்பார். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆட்டுக்குப் பதிலாக 48 பசு கொடுக்கலாம், அல்லது 16 எருமை. கொடுத்தவர் பெயர், வாங்கிய இடையர் பெயர், அவருக்குப் புணை நின்றவர்கள் பெயர் எல்லாம் கல்லில் ஏறின. கெடு, சந்திரனும் சூரியனும் உள்ளவரை.

ஆடு அவ்வளவு நாள் இருக்காது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அதன் கதை முடிந்துவிடும். கணக்கெழுதியவர்களுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்துதான் கல்வெட்டில் ஒரு சொல்லைப் போட்டார்கள்: சாவா மூவாப் பேராடு. கிழடு கழியும், குட்டி சேரும், எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. குறைந்தால் இடையர் பொறுப்பு. அவர் இல்லாமல் போனால் புணை நின்றவர் பொறுப்பு. தனித்தனி ஆடு செத்துக்கொண்டே இருக்க, மந்தை சாகாமல் இருக்கும்.

இறந்தவரை நினைப்பது என்கிறோமே, அது ஆட்டை நினைப்பதா, மந்தையை நினைப்பதா? சமயங்கள் நெடுங்காலமாகச் சுற்றிவரும் கேள்வி இது. இந்தக் கல்வெட்டுகளோடு அரை நூற்றாண்டு வாழ்ந்த ஒரு வரலாற்றுப் பேராசிரியரை நினைக்கும்போது அது வேறொரு பக்கமாகத் திறக்கிறது.

நொபொரு கராஷிமா 1933-இல் டோக்கியோவில் பிறந்தவர். 1961-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். அப்போது மத்திய அரசின் கல்வெட்டு அலுவலகம் ஊட்டியில் இருந்தது. அங்கே போய்க் கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டார். பழைய எழுத்தை வாசிப்பது சாதாரண வேலையல்ல. ஈரத் தாளைக் கல்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து, மையொற்றி எடுத்த படியில் புள்ளி இருக்காது, நெடிலும் குறிலும் ஒன்றுபோலத் தோன்றும், பாதி வரி பிற்காலத்து மண்டபத் தூணுக்குப் பின்னால் போயிருக்கும். தமிழ்நாட்டில் பிறந்தவர்களே திணறுகிற இடம். ஜப்பானிலிருந்து வந்த அந்த இளைஞர் அதில் ஊறிப்போனார். பின்னாளில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1994-இல் அங்கே ஓய்வுபெற்ற பின் பௌத்தப் பிரிவுகள் நடத்தும் தைஷோ பல்கலைக்கழகம். நடுவில் எத்தனை முறை தமிழ்நாட்டுக்கு வந்தார் என்பதை எண்ணிச் சொல்வது கடினம்.

அவருடைய முதல் முக்கியமான கட்டுரை இரண்டு ஊர்களைப் பற்றியது. திருச்சிக்குப் பக்கத்தில் காவிரிக் கரையிலுள்ள அல்லூரும் ஈசானமங்கலமும். 1966-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் கேள்வி எளிமையானது: சோழர் காலத்தில் இந்த இரண்டு ஊரிலும் நிலம் யாருடையது? ஈசானமங்கலம் பிரமதேயம், அதாவது பிராமணர் ஊர்; அங்கே தனித்தனி ஆட்கள் நிலம் விற்றார்கள், வாங்கினார்கள். அல்லூர் வேளாளர் ஊர். அங்கே விற்றதும் கொடுத்ததும் 'ஊர்' என்ற கூட்டு அமைப்பு. பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே ஆற்றுத் தண்ணீர், ஆனால் 'நம்முடையது' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். இந்தியக் கிராமம் காலங்காலமாக மாறாத ஒரே வார்ப்பு என்று ஐரோப்பாவில் உட்கார்ந்து சொன்னவர்களுக்கு அல்லூர்க் கல்லே பதில் சொல்லிவிட்டது.

பிறகு அவர் பெயர்களுக்குப் போனார். எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்தார். 1978-இல் மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை அதை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. படிக்கச் சுவாரசியமான புத்தகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெயர், பெயர், பெயர்தான். இந்த ஊர் 'உடையான்', அந்த ஊர் 'கிழவன்', 'மூவேந்தவேளான்' என்று பட்டம் பெற்றவன், 'பல்லவரையன்'. ஒரு பெயரைத் தனியே எடுத்தால் ஒன்றும் சொல்லாது. ஆயிரம் பெயரை வரிசையில் நிறுத்தினால் எந்தப் பட்டம் எந்தக் காலத்தில் பெருகியது, எந்த வட்டாரத்தில் நிலம் சிலர் கையில் குவிந்தது, அரசு எங்கே இறுகியது, எங்கே நெகிழ்ந்தது என்று பேச ஆரம்பித்துவிடும். மேலைநாட்டுக் கோட்பாட்டை வைத்துச் சோழ அரசை அளந்தவர்களோடு அவர் நடத்திய வாதமெல்லாம் இந்த எண்ணிக்கையில் காலூன்றியது.

இங்கே ஒரு பக்தர் குறுக்கிடலாம். விளக்குக்கு ஆடு கொடுத்தவள் புண்ணியத்துக்காகக் கொடுத்தாள். செத்துப்போன தாய்க்காகக் கொடுத்தாள். போரில் விழுந்த கணவனுக்காகக் கொடுத்தாள். பேராசிரியர் அதைப் பிடுங்கி நிலவுடைமைப் புள்ளிவிவரமாக ஆக்கிவிட்டாரே! வலுவான ஆட்சேபம். கோயில் சுவரை வெறும் ஆவணக் காப்பகமாகப் பார்க்கிறவர்கள்மேல் இந்த வருத்தம் இன்றும் உண்டு.

ஆனால் அந்தக் கல் யாருக்காக எழுதப்பட்டது? ஈசுவரனுக்கு அது தேவையில்லை. யார் எத்தனை ஆடு கொடுத்தார் என்று அவன் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கல்வெட்டு மனிதர்களுக்காக வெட்டியது. அதிலும் குறிப்பாக ஏமாற்றக்கூடிய மனிதர்களுக்காக. நெய்யைக் குறைத்து அளக்கும் இடையர், ஆட்டை விற்றுத் தின்னும் பரிசாரகர், தானத்தை மறந்துபோகும் பேரன் எல்லாரையும் மனத்தில் வைத்தே கொடுத்தவர் பெயர், அளவு, புணை, சாட்சி என்று விலாவாரியாக எழுதினார்கள். சுவர் ஒரு கணக்குப் புத்தகம். கராஷிமா அதைக் கணக்குப் புத்தகமாகவே படித்தார். எழுதியவர்கள் எதிர்பார்த்த வாசகர் அவர்தான் என்று சொன்னாலும் தப்பில்லை, எண்ணூறோ ஆயிரமோ வருஷம் தாமதமாக வந்தார் என்பதைத் தவிர.

தமிழ் மரபில் நினைவு பலவிதம். நடுகல் ஒன்று: திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில் கருந்தேவகத்தி என்ற வீரனோடு கோவிவன் என்ற நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளரைக் கடித்துத் தன் ஆள் பக்கத்தில் காத்துக் கிடந்த நாய். ராஜாக்கள் பலர் பெயர் போய்விட்டது. அந்த நாயின் பெயர் இருக்கிறது.

திதி இன்னொன்று. அதன் கணக்கு மூன்று தலைமுறை: அப்பா, பாட்டன், பூட்டன். புதிதாக ஒருவர் போய்ச் சேரும்போது சபிண்டீகரணத்தில் அவரை மேலே உள்ளவர்களோடு சேர்ப்பார்கள். நான்காமவர் தனிப் பெயர் இழந்து பொதுக் கூட்டத்தில் கலந்துவிடுவார். ஜப்பானிய பௌத்த வழக்கமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. அங்கே இறந்தவருக்குக் கைம்யோ என்று ஒரு புதுப் பெயரே வைத்துவிடுவார்கள். குறிப்பிட்ட ஆண்டுகளில் சடங்கு நடக்கும். பல இடங்களில் 33-ஆம் ஆண்டோடு அது முடியும். அதன்பின் அவர் தனியாள் இல்லை, மூதாதையர். ஒபோன் நாட்களில் விளக்கேற்றி அழைப்பது அந்தக் கூட்டத்தை. ஆட்டை மறந்துவிட்டு மந்தையை வைத்துக்கொள்ள இரு நாட்டுக்காரர்களும் தனித்தனியே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மாளயத் தர்ப்பணத்தில் காருண்ய பித்ருக்கள் என்று ஒரு வரிசை உண்டு. அதில் ஆசிரியரும் நண்பரும் வருவார்கள். கடைசியில் தாயோ தகப்பனோ உறவோ தோழரோ இல்லாதவர்களுக்கும் ஒரு கை எள்ளும் தண்ணீரும். பழுத்த நாத்திகரும் மறுக்கத் தயங்குகிற சடங்கு அது.

கராஷிமாவின் பயணங்களில் இத்தகைய உறவில்லாதவர்கள் நிறைய. 1980-களில் ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் தேடினார். சீனத்து லாங்சுவான் சூளையில் வெந்த பச்சைப் பீங்கான், தமிழ்க் கடற்கரை மணலில். பிறகு அந்தத் தேடல் இலங்கைக் கரைக்கும் நீண்டது. கல்வெட்டையும் ஓட்டையும் சேர்த்து வைத்து அவர் துரத்தியது வணிகரை. அந்த வணிகக் குழுவின் பெயரே ஒரு விசித்திரம்: திசையாயிரத்து ஐந்நூற்றுவர். ஆயிரம் திசைக்குப் போகிறவர்கள், ஆனால் ஐந்நூற்றுவர் என்ற ஒரு குழு. போவதும் சேர்ந்திருப்பதும் எதிரெதிர் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பெயர் குழப்பம் தரும். சுமத்ராவின் பாரூஸில் 1088-இல் தமிழில் கல்வெட்டு வைத்தவர்கள் இவர்கள்தான். பர்மாவின் பகானில் நானாதேசி விண்ணகரம் என்ற கோயிலுக்கு கேரளத்து மகோதையிலிருந்து போன குலசேகர நம்பி ஒருவர் மண்டபமும் கதவும் ஒரு விளக்கும் கொடுத்திருக்கிறார். அங்கேயும் விளக்கு!

சீனத்துக் குவான்சோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல் ஒன்று உண்டு. சம்பந்தப்பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்தார். மங்கோலியக் கானின் நலத்துக்காக என்று எழுதினார். கல்லின் கடைசியில் சீன எழுத்து. எழுதும்போது அவருக்கு யார் வாசகர் என்று நினைப்பு? தமிழ் தெரியாத ஊர், சிவனைத் தெரியாத அரசன். இருந்தும் தமிழில்தான் வெட்டினார்.

கராஷிமாவைப் பற்றிச் சொல்லும்போது சாப்பாட்டை விடுவது துரோகம். மனைவி தகாகோ இந்தியச் சமையலில் தேர்ந்தவர். கராஷிமா 2009-இல் ஜப்பானிய இளையோருக்காக இந்தியக் கறியைத் தேடும் பயண நூல் ஒன்று எழுதினார். 'ஓய்ஷின்போ' என்ற புகழ்பெற்ற உணவுச் சித்திரக்கதைத் தொடரில் கறி பற்றிய பகுதியில் அவரே ஒரு பாத்திரமாக வருகிறார். சோழர் நிலவுடைமைக் கட்டுரையைத் தொடாத லட்சக்கணக்கான ஜப்பானியர்களுக்குத் தெரிந்த கராஷிமா, கறியைப் பற்றி விளக்கும் அந்தக் கோட்டோவியப் பேராசிரியர்தான். நினைவு தன் ஆளைத் தானே தேர்ந்துகொள்கிறது. பேராசிரியரைக் கேட்டுச் செய்வதில்லை.

நம் பக்கத்திலும் அன்பு ஆளைத் திரித்துவிடும். ஜி. யு. போப் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறித்திருப்பதாக மேடைக்கு மேடை சொல்கிறோம். ஆக்ஸ்போர்டிலுள்ள அந்தக் கல்லில் அப்படி இல்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்றுதான் இருக்கிறது. அதைவிடச் சுவையான செய்தி ஒன்றும் இருக்கிறது: அந்தக் கல்லை வைத்தவர்கள் அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும். நடந்ததே இவ்வளவு அழகாக இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு?

கராஷிமாவையும் 'தமிழ் நேசர்' என்ற சட்டகத்துக்குள் அடைக்கப் பார்த்தோம். அவர் அடங்கவில்லை. 1989 முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தார். 1995-இல் தஞ்சாவூரில் எட்டாம் மாநாடு நடந்தபோது இலங்கையிலிருந்து வந்த தமிழ் ஆய்வாளர்கள் சிலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆய்வு மாநாட்டுக்குள் அரசியல் எவ்வளவு தூரம் வரும் என்பதை அவர் நேரில் பார்த்தார். அடுத்த மாநாட்டுக்கு அழைப்பு வந்தபோது, ஆய்வாளர்கள் கட்டுரை தயாரிக்கப் போதிய அவகாசம் வேண்டும் என்று நின்றார். அவகாசம் கிடைக்கவில்லை. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு அவர் இல்லாமல் நடந்தது. அந்த ஆண்டே மன்றத் தலைமையிலிருந்து விலகினார். அப்போது அவரை நன்றிகெட்டவர் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. கணக்கு சரியில்லாத இடத்தில் அவர் புணை நிற்க மாட்டார், அவ்வளவுதான்.

2013-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. வாழ்நாளெல்லாம் இந்தியாவுக்கு வந்துபோனவரால் விருது வாங்கப் பயணம் செய்ய முடியவில்லை. அவ்வாண்டு மே மாதம் டோக்கியோ சென்ற பிரதமர் மன்மோகன் சிங் அங்கேயே கையில் கொடுத்தார். அடுத்த ஆண்டு தென்னிந்திய வரலாற்றைச் சுருக்கமாகத் தொகுத்த நூல் வந்தது. 2015 நவம்பர் 26-இல் காலமானார்.

கல்வெட்டின் முடிவில் வழக்கமாக ஓர் ஓம்படைக்கிளவி, அதாவது தானத்தைக் காக்கும்படி ஒப்படைக்கும் வாசகம், வரும். சிவன் கோயிலானால் இந்தத் தர்மம் பன்மாகேசுவரர் காப்பில் என்று அடியார் கூட்டத்திடம் விட்டுவிடுவார்கள். இன்னும் சிலர் ஒருபடி மேலே போவார்கள்: பின்னால் இதைக் காக்கப்போகிறவன் எவனோ, அவன் பாதம் என் தலைமேல் என்று எழுதிவைப்பார்கள். பிறக்காத ஒருவன், சாதி தெரியாது, ஊர் தெரியாது, சைவனா என்பதும் தெரியாது. அவன் காலில் இப்போதே விழுந்தாகிவிட்டது.

கராஷிமா எந்தக் கோயிலிலும் அணைந்த விளக்கை ஏற்றி வைக்கவில்லை. ஆடு கொடுத்தவர்களின் பெயர்களைச் சரிபார்த்து, வரிசைப்படுத்தி, எந்த ஊர்க் கல், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு என்று குறித்து அச்சிலேற்றினார். அந்த மூன்று தொகுதிகள் இன்று கடையில் எளிதில் கிடைப்பதில்லை. நூலகத்தில் கிடைத்தால் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் திறக்கலாம். ஊரோடு சேர்ந்த பெயர்கள் அடுக்கடுக்காக நிற்கும், நிறைய 'உடையான்'கள். தொகுத்தவருக்கே அதில் ஓர் இடம் கொடுப்பதானால் ஊர் டோக்கியோ, தொழில் வாத்தியார். 'உடையான்' என்று போட அவருக்குக் காவிரிக் கரையில் ஒரு காணி நிலமும் இல்லை.