சில ஆண்டுகளுக்காகச் செய்த எஞ்சின்

1941-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ரஷ்ய மண்ணில் ஜெர்மனியின் நீராவி எஞ்சின்கள் வரிசையாக நின்றுபோயின. தண்ணீர் உறைந்து வெளிப்புறக் குழாய்களும் பம்புகளும் வெடித்தன. போர்முனைக்குச் சரக்கு போய்ச் சேரவில்லை. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 52-ஆம் வகைச் சரக்கு எஞ்சின். 'போர் எஞ்சின்' என்றே அதை அழைத்தார்கள். போர் முடியும்வரை ஓடினால் போதும் என்பதே கணக்கு.

1939-ல் வந்த 50-ஆம் வகையை எடுத்துக்கொண்டு, எதெல்லாம் இல்லாமல் எஞ்சின் ஓடுமோ அதையெல்லாம் பொறியாளர்கள் கழித்தார்கள். சுமார் 1,000 பாகங்கள் குறைந்தன. சக்கரங்களைச் சுழற்றும் இணைப்புத் தண்டையே பாருங்கள். முன்பெல்லாம் எஃகுக் கட்டியைச் சீவிச் சீவி, பளபளக்கத் தேய்த்து எடுப்பார்கள். இதிலோ, உருக்காலையில் உருட்டிய எஃகுத் தண்டின் இரு முனைகளிலும் தலைகளைப் பற்றவைத்து அப்படியே மாட்டினார்கள். 1942 செப்டம்பரில் முதல் எஞ்சின் வெளிவந்தது. போர் முடிவதற்குள் 6,000-க்கும் மேல் செய்துவிட்டார்கள். அவற்றில் கட்டாய உழைப்பாளிகளின் வியர்வை கலந்திருக்கிறது. மரண முகாம்களுக்கு மனிதர்களை அடைத்துச் சென்ற ரயில்களையும் இவை இழுத்தன.

ஆயிரம் ஆண்டு நிலைக்கும் என்று மார்தட்டிய நாஜி ஆட்சி, 12 ஆண்டுகளில் மண்ணோடு மண்ணானது. சில ஆண்டுகளுக்கென்று செய்த எஞ்சினோ பிழைத்துக்கொண்டது. போலந்திலும் சோவியத் நாட்டிலும் யூகோஸ்லாவியாவிலும் துருக்கியிலும் வேறு வேறு பெயர்களில் ஓடியது. போர் சிதைத்த நாடுகளுக்கு நிலக்கரி சுமந்தது. கிழக்கு ஜெர்மனியில் 1980-கள் வரை உழைத்தது. போஸ்னியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த நூற்றாண்டிலும் வேலை செய்தது.

அவசரத்தில் வந்த எளிமையே அதற்கு ஆயுளைக் கொடுத்தது. எந்த ஊர்ப் பணிமனையிலும் பிரித்துப் பார்க்கலாம், பழுதைக் கண்டுபிடிக்கலாம், கையிலிருக்கும் இரும்பை வைத்துச் சரிசெய்யலாம். செய்தவர்கள் குறித்த நாள் எப்போதோ கடந்துவிட்டது. பழுதுபார்த்தவர்கள் அதை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பொருளுக்கு ஆயுள் தருவது அதைப் பேணுகிற கைதான்.

ஆனால் அந்தக் கைக்கு இன்னொரு கடமையும் உண்டு. நிலக்கரியையும் மரணத்தையும் அதே எஞ்சின் அதே வலுவோடுதான் இழுத்தது. இரும்புக்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது. வல்லமையைச் செய்து வைப்பது ஒரு தலைமுறையின் வேலை. அதன் பின்னால் எதைப் பூட்டுவது என்பதற்கு, அதைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு மனிதனும் தானே பதில் சொல்லியாக வேண்டும்.