தேனருவியும் காட்டும் கடனும்

திருக்குற்றாலஞ் செல்வார் பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடிக் குறும்பலாவீசரை வழிபட்டு மீளுவர். பேரருவிக்கு மேலே காட்டினூடே ஏறின் செண்பகாதேவியருவியும், அதற்கும் மேலே தேனருவியும் உள. தேனருவியின் பெயர் கேட்டார் பலர்; கண்டார் மிகச் சிலர். பாறைகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டுதலால் அப்பெயர் போந்ததென்பர். வழி செங்குத்தானது, பாறை வழுக்குவது. வனத்துறையார் இக்காலத்துப் பொதுமக்களை அங்கே விடுவதுமில்லை. விலக்கை மீறி ஏறுவாரும் உளர். அவர்பால் நமக்கு ஈண்டுப் பேச்சில்லை.

தடையில்லாத ஏனைய மலைக்காடுகளில் இத்தகைய மறைந்த அருவியொன்றைக் கண்டான் ஒருவன், அதன் வழியைப் பிறர்க்கு உரைக்கக் கடவனோ, மறைக்கக் கடவனோ என்பதே நம் வினா. தாம் பெற்ற பேற்றைப் பிறரும் பெறச் செய்தல் அடியார் இயல்பாயிருக்க, மறைத்தல் உலோபமன்றோவெனச் சிலர் கடாவுவர். கடா வலியதே.

ஆயினும், பகிர்தலாற் குறையாதன வேறு, குறைவன வேறு. திருவருளின்பம் எத்துணையோர் நுகரினும் குறைவுபடாது. அருவியோ அத்தன்மைத்தன்று. தென்மேற்குப் பருவத்திற் பெய்யும் மழையைச் சருகும் வேரும் மண்ணும் உறிஞ்சி வைத்து, மழை நின்ற பின்னரும் சிறிது சிறிதாகக் கசிய விடுகின்றன. பல்லாயிரங் கால்கள் மிதித்து அம்மண் இறுகிவிடின் நீர் உட்புகாது. மழைநாளில் வெள்ளமும் மற்றை நாளில் வெறும் பாறையுமே எஞ்சும். சவுக்காரமும் எண்ணெயும் நெகிழிப் பைகளும் செய்யுங் கேட்டை விரிக்க வேண்டா. குற்றாலத்தைப் பார்த்தார் அறிவர். அன்றியும், அந்நீர் காண்பார்க்கே உரியதன்று. சிற்றாறாய் ஓடிக் கழனிகளை ஊட்டித் தாமிரபரணியிற் கலப்பது அது.

இனி, மறைத்தலெல்லாம் குற்றமென்பது நம் சமயத்துக்கு ஒவ்வாது. ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று. பக்குவம் எய்துமளவும் மலத்தோடு நின்று நடத்தும் திரோதானமும் அருளேயென்பது சித்தாந்தம். ஆனால் இதனைத் துணையாகக் கொண்டு, 'யான் பக்குவன், ஏனையோர் அல்லர்' என்று ஒருவன் தனக்குத் தானே தீர்ப்பளிப்பானாயின், அஃது ஆணவமலத்தின் தொழிலன்றி வேறன்று. பிறர்க்கு வழி கூறாது தான் மட்டும் திங்கள்தோறும் சென்று நீராடுவான் உலோபியே. தானும் செலவைக் குறைத்துக்கொண்டானுக்கே வாய்மூடியிருக்கும் உரிமை உண்டென்பது எமது துணிபு.

உண்மையில் வேட்கையுற்று ஒருவன் வந்து வினவின் யாது செய்வது? சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரம், இறைவன் உயிர்க்குக் காட்டுதலோடு உடனின்று காண்டலையுஞ் செய்கின்றானென்று உணர்த்துகின்றது. காட்டுதல் என்பது விரலால் திசையைச் சுட்டிவிட்டு அகலுதலன்று. ஆகவே வழியறிந்தவன் அவனை உடன் அழைத்துச் சென்று, எங்கே மிதிக்கலாகாது, எதனைத் தொடலாகாதென்று கூறி, உடன் மீண்டு வரக் கடவன். முகமறியாத ஆயிரம் பேர்க்குப் படமும் வழியும் எழுதிப் பரப்புதல் இவ்வுபகாரத்தின்பாற் படுமாறில்லை. காட்டினவன் அங்கே உடனில்லையன்றோ?

ஏற இயலாத முதியோரும் நோயுற்றோரும் தாம் எதனையோ இழந்தாராக வருந்துதல் வேண்டா. தேனருவியில் வீழ்ந்த நீரே செண்பகாதேவியில் வீழ்ந்து, பேரருவியாய்க் கோயிலருகே இறங்குகின்றது.