அடியில் மறைத்த ஈரம்

 

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை விற்பனைக்கு இருந்த தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி.

மழை பெய்தது அவருடைய குற்றமல்ல. நனைந்ததை அடியில் மறைத்ததுதான் குற்றம்.

ஹோட்டல் நடத்தும் சகோதரரே! நேற்று மிஞ்சிய கறி உங்கள் ஃப்ரீஸரில் எங்கே இருக்கிறது? புதுக்கறிக்கு அடியிலா? ஹலாலாக அறுத்த கறியைத்தான் வாங்குகிறீர்கள், மாஷா அல்லாஹ். அதைப் பொரிக்கும் எண்ணெய் எத்தனை நாள் பழையது?

உணவுப் பாதுகாப்பு அதிகாரி வாசலில் நிற்கும்போது கை சட்டைப் பைக்குப் போகிறதா? லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு அதிகாரி போய்விடுவார். கறுத்த எண்ணெய் சட்டியிலேயே இருக்கும். அடுத்து வரும் பிள்ளை அதில் பொரித்ததைத்தான் சாப்பிடும்.

குறை இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். கெட்டதைக் கொட்டுங்கள். அபராதம் விதித்தால் கட்டி, ரசீது வாங்குங்கள். குறையே இல்லாதபோதும் பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் முறையிடுங்கள். ஒரு நாள் வியாபாரம் போவது சிறு கடைக்காரருக்குப் பெரிய இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அதிகாரி வராத நாளிலும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நம் கல்லாவில் சேரும் ஒவ்வொரு ரூபாயையும் அல்லாஹ் ஹலாலாக்கி, பரக்கத் செய்வானாக! ஆமீன்.