யாரும் குனிந்து பார்க்காத இடம்

விவிலியத்தில், உபாகமத்தின் 22 ஆம் அதிகாரத்தில், கூட்டில் தாய்ப்பறவையைக் கண்டால் அதைப் போகவிட வேண்டும் என்ற கட்டளைக்கும், திராட்சைத் தோட்டத்தில் வேறு விதையைக் கலந்து விதைக்கக் கூடாது என்ற கட்டளைக்கும் நடுவே, வீடு கட்டுகிறவனுக்கு ஒரு கட்டளை இருக்கிறது. புது வீட்டின் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் சேரும். ஏறத்தாழ கி.மு. 1750 இல் பாபிலோனில் மன்னன் ஹம்முராபி செதுக்கிய சட்டமும் வீட்டைப் பற்றிப் பேசுகிறது. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை. வீட்டுக்காரனின் மகன் இறந்தால் கட்டியவனின் மகனுக்கு. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. ஹம்முராபியின் சட்டம் பிணம் விழுந்த பிறகு கண் விழிக்கிறது. உபாகமமோ யாரும் விழுவதற்கு முன்பே, விழப்போகிறவர் யார் என்றே தெரியாத நிலையில், வீட்டுக்காரனைப் பொறுப்பாக்குகிறது. முகம் தெரியாத ஒருவருக்கு, அவர் வருவதற்கு முன்பே, நாம் கடன்பட்டிருக்க முடியுமா? முடியும் என்பதே என் வாதம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று மாடியில் இல்லை, தரைக்கு அடியில் இருக்கிறது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் மர வீடுகள் மண்ணின்மேல் நேரடியாக உட்காருவதில்லை. சுற்றிலும் தாழ்ந்த அடித்தளச் சுவர் எழுப்பி, அதன்மேல் மரச் சட்டங்களைப் பரப்பி, அவற்றின்மேல் தரை போடுகிறார்கள். மண்ணுக்கும் தரைக்கும் இடையே மனிதர் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய இருண்ட வெளி ஒன்று மிஞ்சுகிறது. க்ரால் ஸ்பேஸ் என்று பெயர். தண்ணீர்க் குழாயும், ஏசி காற்றுக் குழாயும், மின்கம்பியும் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன. வீட்டை வாங்குகிறவர் சமையலறையின் கல்லைத் தடவிப் பார்ப்பார், குளியலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார். இங்கே குனிந்து பார்ப்பவர் குறைவு. ஆனால் குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேலெழுந்து கூரை வழியே கசியும்போது, அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. மண்ணின் ஈரமும் பூஞ்சணத்தின் நுண்துகள்களும் அதோடு சேர்ந்து வருகின்றன. கீழே கிடப்பதை மேலே குடியிருப்பவர் சுவாசிக்கிறார்.

இந்த வெளிக்குக் கட்டட விதிகள் என்ன சொல்லின? பல பத்தாண்டுகளாக அவற்றின் பதில் ஒன்றுதான்: காற்றுத் துளை வையுங்கள். தரைப் பரப்பில் ஒவ்வொரு 150 சதுர அடிக்கும் ஒரு சதுர அடி திறப்பு என்பது கணக்கு. காற்றோட்டம் ஈரத்தைப் போக்கும் என்பது யாருக்கும் நியாயமாகவே படும். ஆனால் வட கரோலினா போன்ற புழுக்கமான மாநிலத்தின் கோடையில் வெளிக்காற்றே ஈரத்தைச் சுமந்து வருகிறது. 24 டிகிரி செல்சியஸில் நீராகப் படியக்கூடிய அளவு ஈரம் கொண்ட காற்று, ஏசியால் 20 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும் குழாயைத் தொட்டால், குழாய் வியர்க்கிறது. மரச் சட்டங்கள் ஈரத்தை உறிஞ்சுகின்றன, பூஞ்சணம் பிடிக்கிறது. தரைக்கு அடியில் செருகிய கண்ணாடியிழை வெப்பக் காப்பு நனைந்து தொங்கி விழுகிறது. 2000 களின் தொடக்கத்தில் அந்த மாநிலத்தின் பிரின்ஸ்வில் ஊரில், ஒரே மாதிரியான 12 வீடுகளை எடுத்துக்கொண்டு, துளை வைத்த வெளிகளையும் மூடிக் காப்பிட்ட வெளிகளையும் ஒப்பிட்டு அளந்தார்கள். மூடியவை கோடையில் உலர்ந்திருந்தன. சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆன மின்செலவும் ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்தது. அழுகலைத் தடுக்க எழுதிய விதி, அந்தத் தட்பவெப்பத்தில், அழுகலுக்கு வழி திறந்து வைத்திருந்தது. இன்றைய மாதிரிக் கட்டட விதி துளையில்லாத இன்னொரு வழியையும் அனுமதிக்கிறது: மண் முழுவதையும் பாலித்தீன் விரிப்பால் மூட வேண்டும், இணைப்புகள் ஆறு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டப்பட வேண்டும், விரிப்பின் ஓரம் சுவரில் ஆறு அங்குலம் ஏற வேண்டும், உள்ளே ஈரத்தை வெளியேற்ற ஏற்பாடும் இருக்க வேண்டும்.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. அரை நூற்றாண்டு தவறாக இருக்கக்கூடிய, மூன்றாண்டுக்கு ஒருமுறை குழு கூடித் திருத்துகிற எண்களுக்கு அறத்தின் தகுதியைத் தரலாமா? அறம் நிலையானது, கட்டட விதி தற்காலிக ஏற்பாடுதானே? எண் நிலையானதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறையின் கட்டளையும் எண்ணோடுதான் வாழ்ந்திருக்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் தன் மிஷ்னே தோரா என்ற சட்ட நூலில் இந்தக் கைப்பிடிச் சுவருக்கு அளவு தருகிறார். பத்துக் கையகல உயரத்துக்குக் குறையக் கூடாது. ஆள் சாய்ந்தாலும் விழாதபடி உறுதியாக இருக்க வேண்டும். நான்கு முழச் சதுரத்துக்கும் குறைவான வீட்டுக்கு விலக்கு உண்டு. மனிதர் குடியிராத தானியக் கிடங்குக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் அது தேவையில்லை. அத்தோடு நிற்காமல் கிணற்றுக்கும், உயிருக்கு ஆபத்தான எந்த இடத்துக்கும் அதே கடமையை நீட்டுகிறார். சாய்ந்தாலும் விழக் கூடாது என்ற அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். உயரம் சரியாக இருந்து சுவர் ஆடினால் கட்டளை நிறைவேறவில்லை. அளவு கடமைக்குப் பணி செய்கிறது. ஆகவே அளவு தவறென்று தெரிந்ததும் அதை மாற்றுவது கடமையிலேயே அடக்கம். வட கரோலினாவில் வீடுகளுக்கு அடியில் தவழ்ந்து ஈரத்தை அளந்தவர்கள் விதியை மீறியவர்கள் அல்லர், அதன் நோக்கத்தை மற்றவர்களைவிட ஆழமாக மதித்தவர்கள். நியூசிலாந்திலும் இப்படி நடந்தது. தரைக்கு அடியில் மெல்லிய உலோகத் தாள் விரிப்பது அங்கே நெடுங்காலம் ஏற்கப்பட்ட காப்பு முறை. அதில் ஆணி அடிக்கும்போது மின்கம்பியில் பட்டு மின்சாரம் தாக்கும் ஆபத்து உறுதியானதும், மின்னிணைப்புள்ள வீடுகளில் அதைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் 2016 இல் தடை செய்யப்பட்டன.

என் வீடு, என் பணம், ஈரமானாலும் குளிர்ந்தாலும் எனக்குத்தானே என்பது அடுத்த மறுப்பு. மைமோனிடஸ் இதற்கும் இடம் வைத்திருக்கிறார். தன்னையே ஆபத்தில் வைத்துக்கொள்வதில் பிறருக்கு என்ன வேலை என்று கேட்பவனுக்குக் கசையடி என்கிறார். கசையடியை நான் ஏற்கவில்லை. அவன் கேள்வியில் உள்ள பிழையை அவர் கண்டுகொண்டதை ஏற்கிறேன். வீடு கட்டியவனைவிட நெடுங்காலம் நிற்கும். அதில் பிறக்கும் குழந்தைக்கும், பத்தாண்டு கழித்து வாங்குகிறவருக்கும், வாடகைக்கு வருகிறவருக்கும் தரைக்கு அடியில் என்ன இருக்க வேண்டும் என்பதில் வாக்கு கிடையாது. 2007 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான நியூசிலாந்து ஆய்வு ஒன்று இதை எண்ணால் காட்டியது. வருமானம் குறைந்த பகுதிகளில், நாள்பட்ட மூச்சுக் கோளாறு உள்ள ஒருவராவது இருக்கும் 1350 வீடுகளைத் தேர்ந்து, பாதி வீடுகளுக்கு முதலிலும் மீதிக்கு அடுத்தபடியாகவும் காப்பிட்டார்கள். கூரைக்குக் காப்பு, கதவு சன்னல் இடுக்குகளுக்கு அடைப்பு, தரைக்கு அடியில் விரிப்பு, மண்ணின்மேல் பாலித்தீன். படுக்கையறை வெப்பம் அரை டிகிரிதான் கூடியது. ஆனாலும் காப்பிட்ட வீடுகளில் மூச்சிரைப்பு குறைந்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகாத நாட்களும் பெரியவர்கள் வேலைக்குப் போகாத நாட்களும் குறைந்தன. தரைக்கு அடியில் ஒரு பாலித்தீன் விரிப்பை விடுவதும் போடுவதும் இன்னொருவரின் நெஞ்சுக்கூட்டில் போய் முடிகிறது என்றால், அதை என் சொந்த விஷயம் என்று சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

தமிழ் வாசகருக்கு இன்னொரு தயக்கம் இயல்பாகவே வரும். அறம் மனத்தின் தூய்மையில் இருக்கிறது, மற்றதெல்லாம் வெறும் ஆரவாரம் என்பது வள்ளுவர் முடிவு. கட்டட ஆய்வாளர் வருவார் என்ற பயத்தில் காப்பிடுகிறவன் அறம் செய்தவனா? இல்லைதான். சட்டத்துக்கு ஒத்த செயல் வேறு, கடமையுணர்வால் செய்த செயல் வேறு என்று தத்துவ அறிஞர் கான்ட்டும் பிரித்தார். ஆனால் சட்டம் செய்கிறவனுடைய ஆன்மாவை உயர்த்துவதற்காக எழுதப்படவில்லை, விழக்கூடியவரைக் காப்பதற்காக எழுதப்பட்டது. பயந்து கட்டிய கைப்பிடிச் சுவரும் குழந்தையைத் தாங்கும். தவிர, விதியால் தொட முடிந்த எல்லை மிகச் சிறியது. மிதமான குளிர் மண்டலத்தில் தரைக்கு ஆர்-19, கடுங்குளிரில் ஆர்-38 என்று, வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் எண்ணால், அது காப்பின் அளவைச் சொல்லும். சுவரை மூடுவதற்கு முன் ஒரு நாள் ஆய்வாளர் வந்து பார்ப்பார். காப்பை இடுக்கில் திணித்து நசுக்கினால் பொட்டலத்தில் அச்சிட்ட எண் அப்படியே இருக்கும், தடுக்கும் திறன் குறைந்துவிடும். மூலையில் கிழிந்த பாலித்தீனை, தவழ்ந்து போன தொழிலாளி மட்டுமே அறிவார். மனத்தின் தூய்மை தேவைப்படும் இடம் அதுதான். சட்டம் அந்த இடத்தின் வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது, உள்ளே போக வேண்டியவர் வேலை செய்கிற மனிதர்.

செலவு கூடினால் ஏழைக்கு வீடு எட்டாமல் போகும் என்பது உண்மையான கவலை. ஆனால் காப்பில்லாத வீட்டின் செலவு மறைவதில்லை. அது மாதந்தோறும் மின்கட்டணமாகவும் மருந்துச் சீட்டாகவும், பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவரிடமே வந்து சேர்கிறது. உரிமையாளர் மிச்சம் பிடித்ததைக் குடியிருப்பவர் கட்டுகிறார். தீர்வு விதியைத் தளர்த்துவதில் இல்லை, பொதுப்பணத்தால் சுமையைப் பகிர்வதில் இருக்கிறது. அமெரிக்க அரசு 1976 முதல் வருமானம் குறைந்தவர்களின் வீடுகளுக்குக் காப்பிட உதவி வருகிறது. நியூசிலாந்து 2019 ஜூலை 1 முதல் வாடகை வீடுகளில், செய்ய முடிந்த இடங்களிலெல்லாம், கூரைக்கும் தரைக்கு அடியிலும் காப்பைக் கட்டாயமாக்கியது.

குளிர்நாடுகளில் வீடு வாங்கி வாடகைக்கு விடும் தமிழர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த குடித்தனம் வருவதற்கு முன், ஒரு டார்ச் விளக்கோடு ஆளை அனுப்பித் தரைக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். விரிப்பு கிழிந்திருந்தால் மாற்றுங்கள், காப்பு தொங்கினால் தூக்கிக் கட்டுங்கள். வீட்டை விற்பதாக இருந்தால், கண்டதை மறைக்காமல் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.