தோல்வியும் தண்டையலும்

உதைபந்தாட்ட இரசிகனுடைய கவலை அறவியல் ஆராய்ச்சிக்கு ஏற்ற பொருளாகுமா என்று சிலர் ஐயுறக்கூடும். பிணியும் வேலையின்மையும் சூழ்ந்துள்ள நாட்டில், பந்து கம்பத்துக்கு உள்ளே சென்றதா வெளியே சென்றதா என்று வருந்துவது பொழுதுபோக்கின் மிகையன்றி வேறில்லை என்று அவர்கள் கூறுவர். ஆயின், தன் வயிற்றோடு நேரடித் தொடர்பற்ற ஒன்றின் பொருட்டு மனிதன் உண்மையாகவே துயருறுகிறான் என்பதும், அத்துயர் முற்றியதும் அதற்குக் காரணமானவர் இவரே என்று ஒருவரைச் சுட்டி அவரை அகற்றுமாறு கோருகிறான் என்பதும் புறக்கணிக்கத்தக்க நிகழ்ச்சிகளல்ல. ஒருவரைப் பொறுப்பாளியாக்குவது எப்பொழுது நியாயமாகும் என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அவ்வினா நீதிமன்றத்தில் எழுவதிலும் பார்க்க அடிக்கடி எழுவது விளையாட்டு மைதானத்தின் ஓரத்திலேதான்.

வல்வெட்டித்துறையிலும் அதனைச் சூழ்ந்த வடமராட்சிக் கிராமங்களிலும் உதைபந்தாட்டம் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை எம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இங்குள்ள இரசிகனுக்குப் பெரும்பாலும் இரண்டு அணிகள் உண்டு. ஒன்று அவன் பிறந்த ஊரின் கழகம். மற்றையது தொலைக்காட்சியிற் கண்டு அவன் தேர்ந்துகொண்ட ஆங்கிலக் கழகம். முன்னதை அவன் தேர்ந்தவனல்லன். தாய்மொழியைப் போல அது அவனுக்கு வாய்த்தது. பின்னதைத் தேர்ந்தவன் அவனே. ஆனால் வியப்பு யாதெனில், தேர்ந்துகொண்ட அணியையும் அவனால் விட முடிவதில்லை. சனிக்கிழமை இரவு மன்செஸ்டர் யுனைட்டட் தோற்றால், ஞாயிறு காலை தேநீர்க்கடையில் அவன் முகத்தை நோக்கியே முடிவை அறிந்துகொள்ளலாம். நன்றாக ஆடும் வேறொரு கழகத்துக்கு மாறிவிடுமாறு அவனிடம் கூறிப் பாருங்கள். மதம் மாறச் சொன்னவனைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்ப்பான். விருப்பினால் தொடங்கிய உறவு பிறப்பினால் வந்த உறவின் தன்மையைப் பெற்றுவிடுகிறது. இக்கவலையை நான் இகழவில்லை. வென்றால் பரிசில்லை, தோற்றால் இழப்பில்லை என்ற நிலையிலும் ஒருவன் வருந்துவானாயின் அது பற்றின் தூய வடிவங்களுள் ஒன்று என்றே கருதுகிறேன்.

சிக்கல் அடுத்த படியிலேதான் எழுகின்றது. தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் அணி தோற்றதும், மைதானத்து ஓரத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் ஒலிக்கும்: “உந்தாளை மாத்தினாத்தான் ரீம் உருப்படும்.” ஊர்க் கழகமாயின் ‘உந்தாள்’ என்பவர் பயிற்றுநர். ஆங்கிலக் கழகமாயின் அவர் முகாமையாளர், அதாவது அணியைத் தெரிவுசெய்து, ஆட்டமுறையை வகுத்து, வெற்றி தோல்விக்குப் பதில் சொல்பவர். கவலை என்னும் உணர்ச்சி இவ்வாக்கியத்திலே தீர்ப்பாக மாறுகிறது. அத்தீர்ப்பு எவ்வகைச் சான்றின்மீது நிற்கின்றது?

முகாமையாளரை மாற்றலாகாது என்று வாதிப்போர் உடனே அலெக்ஸ் பெர்கசனைத் துணைக்கழைப்பர். அவர் மன்செஸ்டர் யுனைட்டட்டின் பொறுப்பை 1986 நவம்பரில் ஏற்றார். 1989 இறுதியில் அவரை வெளியேறுமாறு கோரும் பதாகை கழகத்தின் சொந்த மைதானத்திலேயே விரிக்கப்பட்டது. நிருவாகம் பொறுத்தது. 1990இல் முதற் கிண்ணம் கிடைத்தது. 1993இல், 26 ஆண்டுகளுக்குப் பின்னர், லீக் பட்டமும் வந்தது. பொறுமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா என்பர். வேண்டும் என்பதே என் விடை. பொறுமை காட்டப்பட்டும் வெற்றி பெறாத முகாமையாளர்களை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லையாதலால், வென்றவரின் கதையை மட்டும் சான்றாகக் கொள்வது அளவையியல் அறிந்தோர்க்கு அழகன்று. பிறையன் கிளவ் 1975 முதல் நொட்டிங்ஹாம் பொறெஸ்ற் கழகத்தை வழிநடத்தினார். 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை அதற்கு ஈட்டிக்கொடுத்தார். நன்றியுணர்வினால் அக்கழகம் அவரைப் பதினெட்டு ஆண்டுகள் வைத்திருந்தது. 1993இல் அவருடைய கையிலிருக்கும்போதே அது இரண்டாம் பிரிவுக்கு வீழ்ந்தது.

மாற்றமே மருந்து என்போர் நிலையும் இதனினும் மேம்பட்டதன்று. பெர்கசன் 2013இல் ஓய்வுபெற்றபோது அவரே விரும்பித் தெரிந்த டேவிட் மோய்ஸ் ஆறாண்டு ஒப்பந்தத்துடன் வந்தார். பத்து மாதங்கள் நிறையுமுன் அகற்றப்பட்டார். அதன் பின்னர் அங்கே வந்தவர்களும் சென்றவர்களும் பலர். 2024-25 பருவத்தில் அக்கழகம் லீக்கில் 15ஆம் இடத்தைப் பெற்றது. லெஸ்டர் நகரக் கழகத்தை எவரும் எதிர்பாரா வண்ணம் 2016இல் இங்கிலாந்தின் சம்பியனாக்கிய கிளோடியோ றனியேரி, ஒன்பது மாதங்களின் பின் 2017 பெப்ரவரியில் நீக்கப்பட்டார். ரொட்டன்ஹாம் கழகத்துக்கு 2025 மே மாதத்தில் ஐரோப்பா லீக் கிண்ணத்தை வென்றளித்த அஞ்சே பொஸ்ரகொக்லுவுக்கு, அக்கிண்ணத்தின் ஒளி மங்குமுன், பதினாறாம் நாள் விடைகொடுக்கப்பட்டது. லீக்கில் அவ்வணி 17ஆம் இடத்துக்குச் சரிந்திருந்தது என்பதும் உண்மையே. கிண்ணத்தைக் கொண்டு அவரை மதிப்பதா, 17ஆம் இடத்தைக் கொண்டு மதிப்பதா என்பதில் அக்கழகத்து இரசிகர்களே இரு கூறாயினர்.

நெதர்லாந்தின் பொருளியலாளர் பாஸ் ரேர் வேல் அந்நாட்டு உதைபந்தாட்டத்தில் 1986 முதல் 2004 வரையான காலத்தை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு இவ்விடத்துப் பயன்படும். முகாமையாளரை நீக்கிய அணிகள் பின்னர் ஓரளவு தேறியது உண்மை. ஆனால் அதே அளவு சரிவைக் கண்டும் முகாமையாளரை நீக்காதிருந்த அணிகளும் ஏறக்குறைய அவ்வாறே தேறின. காய்ச்சல் உச்சத்தை அடைந்த நாளிலே உண்ட மருந்துக்கு மறுநாள் தணிவின் புகழ் முழுவதும் சேர்வது போன்றதே இது. உச்சத்தின் பின் தணிவு பெரும்பாலும் தானே வருவதாகும்.

எனவே விளைவைக் கொண்டு ஆளை மதிப்பது நம்பத்தகாத அளவுகோல் என்றாகிறது. மெய்யியல் பயில்வோர் இதனை வேறொரு பெயரால் அறிவர். பேணாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இருவரும் 1976இல் ‘அறவியல் அதிர்ஷ்டம்’ என்ற பொருளை விவாதத்துக்குக் கொணர்ந்தனர். ஒருவனுடைய கட்டுப்பாட்டுக்குள் இல்லாதவற்றுக்காக அவனைப் புகழ்வதோ பழிப்பதோ முறையன்று என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நடைமுறையில், கட்டுப்பாட்டுக்குள் அடங்காத விளைவுகளைக் கொண்டே புகழ்கிறோம், பழிக்கிறோம். இம்முரணைத்தான் அவர்கள் சுட்டினர்.

இதனை விளக்க மேல்நாட்டு உதாரணம் தேடவேண்டிய தேவை வல்வெட்டித்துறையில் பிறந்தவனுக்கு இல்லை. இங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, நம்மூர்க் கடலோடிகளால் சுயெஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக்கையும் கடந்து செலுத்தப்பட்டு, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதனைச் செலுத்திய தண்டையல் தம்பிப்பிள்ளையின் பெயரை ஊரார் இன்றும் பெருமையோடு சொல்வர். (பாய்க்கப்பலின் தலைவனைத் தண்டையல் என்பது இவ்வூர் வழக்கு.) அத்திலாந்திக்கின் நடுவே ஒரு புயல் சற்று வலுத்து வீசி, அக்கப்பல் திரும்பாது போயிருப்பின், நாம் அவரை என்னவென்று சொல்லியிருப்போம்? பாயை விரித்த நேரமும் சுருக்கிய நேரமும் அவையேதான். சுக்கானைப் பிடித்த கையும் அதே கைதான். ஆயினும், ‘அந்தப் பெருங்கடலுக்குப் பாய்க்கப்பலில் போக யார் சொன்னது?’ என்று கேட்டிருக்கக்கூடியவர்களும் நாமே. தண்டையலின் திறமை குறைந்ததென்று இதனாற் கருதவேண்டாம். அத்திறமை கப்பல் கரைசேர்ந்த செய்தியில் மட்டும் அடங்கியிருக்கவில்லை என்பதே நான் சொல்ல விழைவது. கடலோடிகளுக்கு இது நன்கு தெரியும். காற்று விழுந்து பாய் தொங்கும்போது அவர்கள் தண்டையலை ஏசுவதில்லை. காற்றிருந்தும் பாயைப் பிழையாகக் கட்டினால் ஏசுவார்கள்.

வள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் ஏறத்தாழ இவ்வேறுபாட்டையே வகுத்துள்ளார். நற்பேறு வாய்க்காமை எவர்க்கும் இழுக்காகாது, அறியவேண்டியதை அறிந்து உழைக்காமையே இழுக்கு என்பது அவர் கருத்து. ஊழின் வலிமைக்குத் தனி அதிகாரம் வகுத்தவர் இதனையும் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது. இவ்வளவுகோலை ஏற்போமாயின் இரசிகனின் வினா மாறிவிடும். எத்தனை ஆட்டம் தோற்றார் என்பதைவிட, காயமுற்ற வீரனை ஏன் களமிறக்கினார், இடப்பக்கம் வலுவற்றிருப்பதைக் கண்டும் மூன்று ஆட்டங்களாக ஏன் திருத்தவில்லை, இளையோருக்கு ஏன் வாய்ப்பளிக்கவில்லை என்று கேட்க நேரும். இவை கடினமான வினாக்கள்; விளையாட்டைக் கூர்ந்து பார்த்தவனே கேட்கக்கூடியவை. ‘உந்தாளை மாத்து’ என்பதற்கு அத்தகைய உழைப்பு எதுவும் வேண்டியதில்லை.

இவ்வளவு தெரிந்தும் நாம் ஏன் ஒருவரையே தேடிப் பழிக்கிறோம்? பழிக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது என்பதே என் எண்ணம். இலங்கைத் தேசிய அணியை நோக்குக. 1995இல் கொழும்பில் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற அணி அது. பின்னர் உலகத் தரவரிசையில் இருநூறாம் இடத்துக்கும் கீழே இறங்கியது. இக்காலத்தில் உள்நாட்டவரும் வெளிநாட்டவருமாகப் பயிற்றுநர் பலர் வந்து போயினர். ஒவ்வொருவர் வந்தபோதும் நம்பிக்கை, போனபோது ஏச்சு. 2023 ஜனவரியில், நிருவாகத்தில் வெளியார் தலையீடு உண்டென்று கூறி உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டு வரை அத்தடை நீடித்தது. ஏழு மாதம் சர்வதேச ஆட்டமே ஆடமுடியாத அணிக்கு எந்தப் பயிற்றுநர் என்ன செய்திருக்க முடியும்? ஆயினும் தடை நீங்கி ஒக்டோபரில் யேமனிடம் தோற்று உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியபோது, இரசிகர் பலரின் கண்கள் மீண்டும் பயிற்றுநரின் இருக்கையையே நாடின. யாப்பு, தேர்தல், நிதி, மைதானம் என்பவற்றுக்கு முகமில்லை. அவற்றை நோக்கிக் கூச்சலிட இயலாது.

வடபுலத்துக் கழகங்களுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். 1983இல் மூண்டு 2009 வரை நீடித்த போர் எத்தனையோ அணிகளின் வரிசைகளைக் கலைத்தது. இடம்பெயர்வு ஒரு தலைமுறையைச் சிதறடித்தது. வெளிநாட்டுப் பயணம் மற்றொன்றை எடுத்துச் சென்றது, இன்றும் எடுத்துச் செல்கிறது. பதினெட்டு வயதில் நன்றாக ஆடிய பையன் இருபத்தோராம் வயதில் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிறான். இந்த வெற்றிடத்தை ஒவ்வொரு பருவத்திலும் நிரப்ப முயல்பவர் மீதே தோல்வியின் முழுச் சுமையும் ஏறுகிறது.

ஆங்கில முகாமையாளர் பெரும் ஊதியம் பெறுகிறார். அகற்றப்படின் நட்டஈடும் பெறுகிறார். பழியைத் தாங்குவதும் அவருடைய தொழிலின் ஒரு பகுதி என்று ஒருவாறு வாதிடலாம். நம்மூர்ப் பயிற்றுநருக்கோ பெரும்பாலும் ஊதியமே இல்லை. பகல் முழுதும் கடலிலோ கடையிலோ பாடசாலையிலோ உழைத்துவிட்டு, மாலையில் பந்தும் ஊதுகுழலுமாக மைதானத்துக்கு வருபவர் அவர். பையன்களுக்கு அவர் ‘அண்ணை’ அல்லது ‘மாஸ்டர்’. தோல்விக்குப் பின் அவரை ஏசியவர் மறுநாள் கோயில் வீதியிலோ திருமண வீட்டிலோ அவரை எதிர்கொள்ளவேண்டும். தொலைக்காட்சியின் வழியே நாம் பழகிக்கொண்ட ‘மாற்று, மாற்று’ என்னும் கூச்சலை இங்கே இறக்குமதி செய்யும்போது, அதனோடு வந்த ஊதியத்தையும் நட்டஈட்டையும் நாம் இறக்குமதி செய்வதில்லை. ஏச்சு மட்டும் வருகிறது. அண்ணை ஒருநாள் வராது விட்டால் அவ்விடத்துக்கு வர மற்றொருவர் காத்திருப்பதில்லை. மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்கும் பதினைந்து பையன்கள் வீதிச் சந்திக்குத்தான் போவார்கள். சந்தியில் நிற்கும் பையனுக்கு இன்று என்னென்ன கிடைக்கும் என்பதைப் பெற்றோர் நன்கறிவர்.

அவ்வாறாயின் இரசிகன் வாய்மூடி இருக்கவேண்டுமா? அதுவும் பொருந்தாது. பயிற்றுநர் சில வேளைகளில் உண்மையாகவே தவறுசெய்வார். உறவினரின் பிள்ளையைத் தகுதியின்றிச் சேர்ப்பார். பயிற்சிக்கு ஒழுங்காக வாரார். முப்பது ஆண்டுக்கு முந்தைய ஆட்டமுறையை விடமாட்டார். அவர் ஊதியம் பெறாதவர் என்பது விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவராக அவரை ஆக்கிவிடாது. தொண்டு என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கழகங்களைத் தேயவிட்டவர்களும் நம்மிடையே உண்டு. அத்தகையவரை விலக்குதல் அறமே. ஆனால் அது ஆட்டம் முடிந்த சூட்டில் வேலியோரத்தில் செய்யத்தக்க தீர்ப்பன்று. கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், அவரும் முன்னிலையில் இருக்க, அவருடைய விடையையும் கேட்டபின் செய்யத்தக்கது.

அக்கூட்டத்துக்குத்தான் நம்மவர் வருவதில்லை. இறுதியாட்டத்துக்கு ஊரே திரள்கிறது; பொதுக்கூட்டத்துக்கு இருபதுபேர் வந்தால் பெரிது. பயிற்றுநரை மாற்றக் கோரும் உரிமை இரசிகனுக்கு உண்டா என்று என்னைக் கேட்டால், அவ்விருபதுபேரில் அவர் ஒருவரா என்றும், பயிற்சி நாட்களில் எத்தனை மாலை மைதானத்தின் பக்கம் வந்தார் என்றும், தம்முடைய மகனைப் பரீட்சையைக் காரணங்காட்டி அணியிலிருந்து நிறுத்தியவர் அவர்தாமா என்றும் முதலில் விசாரிப்பேன்.