தீமை இல்லாத சொல்

உண்மை பேசுவது பற்றிய கேள்வி யாழ்ப்பாணத் தீவகத்தில் வெறும் நீதிநூல் கேள்வியாக இருந்ததில்லை. 1994 பாராளுமன்றத் தேர்தலில் குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபடியால், கரம்பொன், நாரந்தனை, வேலணை போன்ற தீவகத்து ஊர்களிலும் இடம்பெயர்ந்தோர் மத்தியிலுமே வாக்களிப்பு பெரும்பாலும் நடந்தது. பத்தாயிரத்துச் சொச்ச வாக்குகளோடு ஒரே அணி யாழ். மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9 ஐப் பெற்றது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் 2000 ஒக்டோபர் 10 தேர்தலின் முறைகேடுகளையும் மிரட்டல்களையும் விசாரித்து எழுதியவர் மயில்வாகனம் நிமலராஜன். பிபிசியின் தமிழ், சிங்கள சேவைகளுக்கும் வீரகேசரிக்கும் ராவயவுக்கும் செய்தி கொடுத்தவர். அதே மாதம் 19 ஆம் திகதி இரவு, ஊரடங்கு வேளையில், யாழ். நகரின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த வீட்டில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவரை யன்னல் வழியாகச் சுட்டார்கள். வீட்டுக்குள் கைக்குண்டும் வீசினார்கள். பெற்றோரும் மருமகனான சிறுவனும் காயப்பட்டார்கள்.

யாருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்பது வள்ளுவரின் வரையறை. அப்படியானால் நிமலராஜனின் செய்திகள் வாய்மைதானா? எழுதியவரின் உயிரையே அவை காவு கொண்டன; வீட்டாரையும் விட்டுவைக்கவில்லை. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது அடுத்த குறள். ‘ஏன் வீண் வில்லங்கம்’ என்று வாயை மூடிக்கொண்டவர்களே குறளின்படி நடந்தவர்கள் என்றுகூட ஒருவர் வாதிடலாம். கொலைகாரன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்லாதே என்ற தத்துவஞானி கான்ட்டை விட வள்ளுவர் இரக்கமுள்ளவர். அதனாலேயே இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் தீங்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஓர் ஒப்பீடு உதவும். கரம்பொன்னில் 1913 இல் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகள், 1679 இல் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்தார். மறைந்து கிடந்ததைச் சான்றோடு வெளியே கொண்டுவந்த வேலை அது. நிமலராஜனின் வேலையும் அதுவே. முன்னவருக்குப் புகழும் பின்னவருக்குச் சூடும் கிடைத்ததற்குச் சொல்லின் தன்மை காரணமல்ல. அகராதி வெளிவந்ததால் யாருடைய அதிகாரமும் ஆட்டம் காணவில்லை. அதோடு, குறளில் வாய்மைக்கு முந்திய அதிகாரம் கள்ளாமை. ஒருவருடைய வாக்கை இன்னொருவர் போட்டுவிட்டால் தீங்கு அப்போதே நடந்துவிட்டது. செய்தி அதைச் சொல்கிறது, அவ்வளவுதான். மௌனம் ஊரைக் காக்கும் என்பதும் சரிவரவில்லை. 2001 நவம்பர் 28 இல், அடுத்த தேர்தலுக்கான பரப்புரையின்போது, கரம்பொன்னை அடுத்த நாரந்தனையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் தாக்கப்பட்டு இருவர் கொல்லப்பட்டனர். அச்சத்தால் பிறந்த மௌனத்தைக் குற்றமற்ற நன்மை என்று எப்படிச் சொல்வது?

எழுதி என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. கொலையாளி இன்னார் என்று இன்றுவரை எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. 2022 பெப்ரவரியில் பிரித்தானியப் பொலிஸார் ஒருவரைக் கைதுசெய்தார்கள். ஆனால் இருபத்தொரு ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டில் அந்தக் கேள்வி எழுந்ததற்கும், நிமலராஜனின் செய்திகள் பதிவாகி நின்றது ஒரு காரணமாக இருக்கலாம். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. வள்ளுவர் வாய்மையைத் துறவறவியலில் வைத்தார்; இழப்பதற்கு எதுவும் இல்லாதவனின் விரதம் அது. பெற்றோரோடும் பிள்ளைகளோடும் வாழும் இல்லறத்தானிடம் துறவியின் விரதத்தைக் கேட்பது நியாயமா? நியாயமில்லை. அந்த விரதத்தை ஒரு நிருபரின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு, செய்தியை வாசித்துப் பெருமூச்சு விட்டதோடு நின்ற ஊருக்கும் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சொல் தீமை இல்லாததாக இருப்பது சொல்பவரின் கையில் மட்டும் இல்லை. சாட்சி சொல்ல ஊரில் நாலு பேரும், வழக்கை முடிக்க ஒரு நீதிமன்றமும் துணிந்தால், உண்மையை எழுத ஒருவர் துறவியாக வேண்டியதில்லை.